ஃபைட்டருக்குக் காற்று வேண்டாம்

கொளத்தூர் மீன் கடையில் பையன் கேட்டான்:
"என்ன மீன் வச்சிருக்கீங்க, அக்கா?"
ஃபைட்டர் என்றேன், வாயில் வந்ததை.
"ஃபைட்டருக்குக் காத்தே வேணாமே,
மேல வந்து அதுவே குடிச்சுக்கும்."
ஆனாலும் எடுத்து வைத்தான்
ஒரு வால்வு, சுண்டுவிரல் நகமளவு திருகு,
ஒரு டீ, ஒரு முழம் ட்யூப்.
பித்தளை அறுபத்தஞ்சு.
பிளாஸ்டிக் என்றால் இருபது குறையும்.
குறைத்துக்கொண்டேன்.

புதுப்பேட்டையில் இதே வேலைக்குப்
பெட்டி போட்ட சாமான் ஒன்பதாயிரம்.
என் மாதத் தவணையும் ஏறக்குறைய அதுதான்.

வண்டிக்கு வயது பதினொன்று.
காசிமேட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு
ஐஸ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால்
மூலக்கடைப் பாலத்தில் பாதிகூட ஏறாது,
இரண்டாம் கியருக்கு இறங்கிவிடும்.
பின்னால் வரும் கன்டெய்னர்க்காரன்
ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரிப்பான்.

நசுருதீன் பானெட்டைத் தூக்கி
டர்போவை ஒட்டியிருந்த டப்பியைக் காட்டினான்.
உள்ளே ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங்.
வெளியே ஒரு கம்பி, கம்பி முனையில் கதவு.
"பன்னெண்டு பவுண்டு காத்து வந்தா
சவ்வு தள்ளும், கதவு தெறக்கும்,
மிச்சப் புகை சக்கரத்தைத் தொடாம
பக்கவழியா போயிரும்.
அது பேரு வேஸ்ட்கேட்."

கழிவுக்கென்று ஒரு கதவா,
நமக்கென்ன அதற்குப் பஞ்சம் என்று
கொடுங்கையூர்ப் பக்கம் கையை நீட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை. ட்யூபை அறுத்துக்கொண்டிருந்தான்.

"டப்பிக்குப் போற காத்துல கொஞ்சத்த
இந்த வால்வு வழியா ஒழுகவிடுறோம்.
பதினாறு இருக்கும்போது
பன்னெண்டுதான்னு அதுகிட்ட சொல்றோம்."

பொய் சொல்கிறோம், என்றேன்.
சொல்றோம், என்றான்.

தவணைக்காரன் போனில்
எப்படிப் போகுது என்று கேட்கும்போது
நானும் பன்னிரண்டுதான் சொல்கிறேன்.

பஞ்சர் கடையில் இரவல் வாங்கிய மீட்டரை
டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினோம்.
கால் சுற்று. பதினாலு.
இன்னும் கால். பதினாறு.
அன்று பாலத்தை மூன்றாம் கியரிலேயே ஏறினேன்.
கண்ணாடியில் கன்டெய்னர்
தீப்பெட்டியாகிக்கொண்டே போனது.

எட்டு ராத்திரி.

ஒன்பதாவது நாள் எண்ணூர் சாலை.
இடதுபக்கம் வானத்தில் மணலியின் தீ,
வலதுபக்கம் கடல்
இருட்டுக்குள் யாருடனோ வாய்த்தகராறு.
மிதித்தேன். முள் பதினாறில் நிற்கவில்லை.
பத்தொன்பது.
இருபத்திரண்டு.
டப்.

பிறகு வண்டி வெறும் இரும்பு.
பின்னால் ஒரு தெரு நீளத்துக்குக் கரும்புகை.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன்:
இன்டர்கூலர் ஹோஸ் கழன்று தொங்கியது.
எஞ்சின் சூட்டில் வால்வு
மென்று துப்பிய பபிள்கம்.
காற்றெல்லாம் அந்த ஓட்டையில் போய்விட,
டப்பிக்கு யாரும் எதுவுமே சொல்லவில்லை.
கதவு அது பாட்டுக்கு மூடியே இருந்தது.
அதன் மேல் என்ன குற்றம்.

கிளாம்ப்பை முறுக்கினேன்,
டீயைப் பிடுங்கி கடல் பக்கம் எறிந்தேன்,
பழைய ட்யூபை நேராக மாட்டினேன்.
அதற்குள் பாடியிலிருந்து ஐஸ் தண்ணீர்
ஒழுகி, ரோட்டைக் கடந்து,
தனக்கென்று ஒரு பள்ளம் கண்டுபிடித்திருந்தது.
முந்நூறு ரூபாய் இருக்கும்.
இருபது ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு.

மறுபடி கொளத்தூர்.
பித்தளை, என்றேன்.
"ஃபைட்டர் எப்படிக்கா இருக்கு?"
கொஞ்சம் கோபக்காரன், என்றேன்.
அவன் என் விரல் இடுக்கில் இருந்த கிரீஸைப் பார்த்தான்,
மீதிச் சில்லறை கொடுத்தான்,
வேறெதுவும் கேட்கவில்லை.

இப்போது பதினாலில் நிறுத்தியிருக்கிறேன்.
பாலத்தில் முக்கால்வாசி மூன்றாம் கியர்.
மிச்சத்துக்குக் கன்டெய்னர்க்காரன்
விசாரித்துக்கொள்ளட்டும்.